நீதிமன்றத்துக்குள் நுழைந்த சப்பாத்து

காலணியைக் கழற்றுவதில் இரண்டு வகை உண்டு. எரியும் முட்செடியின் முன் மோயீசன் தம் மிதியடியைக் கழற்றினார். அது ஆண்டவர்மேல் கொண்ட பயபக்தியால். நம் வீடுகளில் வாசலிலேயே செருப்பை விட்டு உள்ளே போகிறோம். அது சுத்தத்துக்காகவும் பழக்கத்துக்காகவும். இவை ஒரு வகை. ஊரில் மேலானவர் என்று கருதப்பட்டவர் எதிரே வரும்போது, கீழானவர் என்று ஒதுக்கப்பட்டவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றிருந்த வழக்கம் மற்றொரு வகை. முதலாவதில் எல்லோரும் கழற்றுகிறார்கள். இரண்டாவதில் ஒருவர் மட்டும் கழற்ற, மற்றவர் போட்டுக்கொண்டே நடக்கிறார். இந்த இரண்டாவது வகையை எதிர்த்து நம் புதுச்சேரியில் ஒரு தமிழர் வழக்காடி வென்றார் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் பெயர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. ஆண்டு 1873.

அந்தக் காலத்துப் புதுச்சேரியை முதலில் கண்முன் கொண்டுவர வேண்டும். வடக்கு தெற்காக ஓடும் பெரிய வாய்க்கால் ஊரை இரண்டாகப் பிரித்தது. கடற்கரைப் பக்கம் வெள்ளையர் பகுதி. அதைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘வெள்ளை நகரம்’ என்றார்கள். வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘கறுப்பு நகரம்’. இன்று சைக்கிளில் அந்த வாய்க்காலை ஒரு நொடியில் கடந்துவிடுகிறோம். அன்று அது வெறும் சாக்கடை நீர் ஓடும் வாய்க்கால் அல்ல. ஒருவருடைய அந்தஸ்தைக் காட்டும் கோடு.

பிரான்சில் 1789-ஆம் ஆண்டிலேயே மனிதர் அனைவரும் உரிமையில் சமம் என்று அறிக்கை வெளியிட்டாயிற்று. அந்தச் சமத்துவம் கப்பலேறி இங்கு வந்து சேரும்போது பாதி கடலில் விழுந்துவிட்டது போலும். 1819-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் இங்கு ஓர் அரசாணை பிறந்தது. பிரெஞ்சுச் சட்டங்கள் இங்கும் செல்லும். ஆனால் இந்தியர்களுடைய திருமணம், சொத்து, வாரிசு முதலிய காரியங்களில் அவரவர் சாதியின் சட்டமும் வழக்கமுமே பின்பற்றப்படும் என்பது அதன் சாரம். கேட்பதற்கு இது பெருந்தன்மையாகவே இருக்கிறது. உங்கள் வழக்கத்தில் நாங்கள் தலையிட மாட்டோம் என்று ஓர் அரசு சொன்னால் யார்தான் குறை சொல்வார்கள்? ஆனால் அதற்கு மற்றொரு பொருளும் இருந்தது. இந்தியன் வேறு, பிரெஞ்சுக்காரன் வேறு, இருவருக்கும் ஒரே சட்டம் இல்லை என்பதே அது. பிறகு, இருவருக்கும் ஒரே மரியாதை எதற்கு என்ற கேள்வி வருவதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை.

வெளியிலிருந்து வந்தவர்கள்தாம் பிரித்தார்கள் என்று நாம் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745-ஆம் ஆண்டு நடந்த ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். புதுச்சேரியில் சம்பா கோயில் என்று நாம் அழைக்கும் கோயிலில், சாதிக் கிறிஸ்தவர்களையும் பறையர் என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்களையும் பிரிக்க நடுவே ஒரு சுவர் இருந்தது. ஒதுக்கப்பட்டவர்கள் குருவிடம் முறையிட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது, உடனே மற்றவர்கள் கோபங்கொண்டு கலகம் செய்தார்கள். இன்று நாம் காணும் கோயில் 1791-இல் அர்ச்சிக்கப்பட்டது. அந்தச் சுவர் இருந்தது அதற்கு முன்பிருந்த கோயிலில். ஒரே நற்கருணை வாங்குகிறவர்களுக்கு நடுவிலேயே சுவர் நின்றது என்றால், நீதிமன்றத்தின் வாசற்படியில் ஒன்று இருந்ததில் வியப்பென்ன?

இனிப் பொன்னுத்தம்பிப் பிள்ளையிடம் வருவோம். பிள்ளை என்ற பட்டம் காட்டுவதுபோல் அவர் வேளாளர் குலத்தவர். பிரெஞ்சு நீதிமன்றங்களில் வாதாட அனுமதி பெற்ற இந்தியச் சட்ட ஆலோசகர். இவர்களைக் ‘கொன்செய்’ என்று அழைத்தார்கள். வாதாடலாம், சட்டம் பேசலாம், பிரெஞ்சு மொழியில் நீதிபதிக்கு விளக்கம் சொல்லலாம். ஆனால் தமிழர் என்றால் தமிழர் உடையில் வரவேண்டும். செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே வரவேண்டும். ஐரோப்பிய வழக்கறிஞரோ சப்பாத்தும் காலுறையுமாக வரலாம். இருவரும் நிற்பது ஒரே தரையில். பேசுவது ஒரே சட்டம். ஒருவர் கால் மூடியிருக்கிறது, மற்றவர் கால் திறந்திருக்கிறது.

1873-இல் ஒரு நாள் பொன்னுத்தம்பிப் பிள்ளை ஐரோப்பியச் சப்பாத்தும் காலுறையும் அணிந்து நீதிமன்றத்துக்குள் போனார். நீதிபதி அவரை அப்படி நிற்க அனுமதிக்கவில்லை. அவரும் கழற்றவில்லை. வெளியேற்றப்பட்டார், தண்டனையும் விதிக்கப்பட்டது. புதுச்சேரி வெயிலில் காலுறையோடு சப்பாத்து அணிவது எவ்வளவு புழுக்கம் என்பது திங்கட்கிழமைதோறும் கறுப்பு ஷூவும் வெள்ளை சாக்ஸும் போட்டு வரிசையில் நிற்கும் எங்களுக்குத் தெரியும். ஷூ போடாமல் வந்தால்தான் எங்களை வரிசையிலிருந்து வெளியே நிறுத்துவார்கள். அவரைப் போட்டு வந்ததற்காக வெளியே நிறுத்தினார்கள். எனவே சொகுசுக்காக அவர் அதை அணிந்தார் என்று யாரும் நினைக்க வேண்டாம்!

சிறிய விஷயம்தானே, கழற்றிவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அன்றும் கேட்டிருப்பார்கள். அவருக்கு முன்பு வாதாடிய மற்றவர்கள் கழற்றிவிட்டுத்தான் வேலையைப் பார்த்தார்கள். ஆனால் ஊதாரி மகன் உவமையை நினைத்துப் பாருங்கள். மகன் திரும்பி வந்தபோது தந்தை என்னென்ன கொண்டுவரச் சொன்னார்? உயர்ந்த ஆடை, விரலுக்கு மோதிரம், காலுக்கு மிதியடி. அந்தக் காலத்தில் அடிமை வெறுங்காலோடு இருப்பான், மகன் மிதியடி அணிவான் என்று மறைக்கல்வி வகுப்பில் எங்களுக்கு விளக்கம் சொன்னார்கள். கூலியாளாய் வைத்துக்கொள்ளும் என்று கேட்க வந்தவனுக்கு, நீ என் மகன் என்று தந்தை கொடுத்த பதில் அந்த மிதியடியில் இருக்கிறது. காலில் இருப்பது தோல்தான்; அது சொல்லும் செய்தி பெரிது.

பொன்னுத்தம்பிப் பிள்ளை கல் எறியவில்லை, கூட்டம் சேர்க்கவில்லை. தமக்குத் தெரிந்த ஆயுதமான சட்டத்தை எடுத்தார். வழக்கைப் பாரீஸ் நகரிலிருந்த கசாசியோன் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். இந்த நீதிமன்றத்தைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு மொழியில் ‘கசே’ என்றால் உடைப்பது. இந்த நீதிமன்றம் சாட்சிகளை மறுபடி விசாரிக்காது. யார் என்ன செய்தார் என்று ஆராயாது. கீழ் நீதிமன்றம் சட்டத்தைச் சரியாகப் பொருத்தியதா என்பது ஒன்றையே பார்க்கும். பொருத்தவில்லை என்று கண்டால் அந்தத் தீர்ப்பை உடைத்துவிடும். ஆகவே அங்கே கேள்வி, பிள்ளை அவர்கள் சப்பாத்து அணிந்தாரா என்பதல்ல; அதை யாரும் மறுக்கவில்லை. அணியக் கூடாது என்று சொல்ல எந்தச் சட்டத்துக்கு அதிகாரம் உண்டு என்பதே கேள்வி. கடலுக்கு அப்பால் வெகு தொலைவில், புதுச்சேரியின் வெயிலையே அறியாத நீதிபதிகள் முன்னால், ஒரு தமிழரின் காலணி இவ்வாறு சட்டப் பிரச்சினையாக நின்றது.

அவருக்காக அங்கே வாதாடியவர் ழூல் கொதேன் என்ற பிரெஞ்சு வழக்கறிஞர். பொன்னுத்தம்பிப் பிள்ளையின் பக்கமே தீர்ப்பு வந்தது. கொதேன் 1876-இல் பிரெஞ்சு இந்தியாவின் பிரதிநிதியாகப் பிரெஞ்சுப் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். வழக்கு வழக்கோடு நிற்கவில்லை, அரசியலிலும் புகுந்தது.

இந்த இடத்தில் அமெரிக்காவுக்குப் போய்வர வேண்டியிருக்கிறது. ஏறக்குறைய அதே தலைமுறையில் அங்கும் ஒருவர் வாசற்படியில் நிறுத்தப்பட்டார். வில்லியம் ஹென்றி லூயிஸ் 1868-ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். அவருடைய பெற்றோர் அடிமைகளாய் இருந்து விடுதலை பெற்ற கறுப்பு இனத்தவர். மகன் படிப்பிலும் சிறந்தார், விளையாட்டிலும் சிறந்தார். ஆம்கர்ஸ்ட் கல்லூரியில் படிக்கையில் 1891-இல் கால்பந்து அணியின் தலைவரானார். அங்கே கால்பந்து என்றால் நம் மைதானத்தில் அண்ணன்மார் ஆடும் ஆட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, ஆளோடு ஆள் மோதி முன்னேறும் முரட்டு ஆட்டம். பிறகு ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் சேர்ந்து, சட்டம் படித்துக்கொண்டே 1892, 1893 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அந்தப் பல்கலைக்கழக அணிக்காக நடு வரிசையில் ஆடினார். நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் பட்டியலில் இடம்பெற்ற முதல் கறுப்பு இனத்தவர் அவரே. 1896-இல் அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு பாடநூலும் எழுதினார்.

மைதானத்தில் ஆயிரக்கணக்கானோர் கைதட்டினார்கள். ஆனால் பல்கலைக்கழகத்துக்கு அருகிலிருந்த முடிதிருத்தும் கடையில் அவருக்கு முடிவெட்ட மறுத்தார்கள்! லூயிஸ் அதைக் கேட்டு வாயை மூடிக்கொண்டு திரும்பவில்லை. அவரும் மற்றவர்களும் முயன்றதன் பயனாக 1893-இல் மாசச்சூசெட்ஸ் மாநிலம், பொது இடங்களில் இன வேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் தன் சட்டத்தை விரிவாக்கியது. பிற்காலத்தில் லூயிஸ் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரானார், அரசு வழக்கறிஞரானார், 1911-இல் அமெரிக்க அரசின் துணை அட்டர்னி ஜெனரல் பதவியையும் ஏற்றார். அதற்கு முன் அமெரிக்க அரசின் நிர்வாகத் துறையில் எந்தக் கறுப்பு இனத்தவரும் அவ்வளவு உயர்ந்த பதவியில் அமர்ந்ததில்லை. அதே ஆண்டு அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அவர் எந்த நிறத்தவர் என்று தெரிந்ததும் 1912-இல் சங்கத்தின் செயற்குழு அவரை நீக்கப் பார்த்தது. ராஜினாமா செய்துவிடும்படி சொன்னார்கள், அவர் செய்யவில்லை. கடைசியில் அவரை விட்டுவைத்தார்கள். ஆனால் இனி விண்ணப்பிப்பவர் தம் இனம் எது என்று குறிப்பிட வேண்டும் என்று ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒரு கதவு திறக்கும்போதே அடுத்த கதவுக்குத் தாழ்ப்பாள் செய்கிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

நீதிமன்றமும் உடையும் என்றவுடன் காந்தியடிகள் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. 1893-இல் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகர நீதிமன்றத்தில் தலைப்பாகையைக் கழற்றும்படி அவருக்கு உத்தரவாயிற்று. அவர் கழற்ற மறுத்து வெளியேறினார். இங்கு நாம் நின்று யோசிக்க வேண்டும். காந்தியடிகள் காத்தது நம் நாட்டுத் தலைப்பாகை. பொன்னுத்தம்பிப் பிள்ளை கேட்டது ஐரோப்பியச் சப்பாத்து. ஒருவர் நம்முடையதை விட மறுத்தார், மற்றவர் அவர்களுடையதை வேண்டினார் என்று பார்த்தால் இருவரும் எதிரெதிர்த் திசையில் போவதாகத் தோன்றும். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. என் தலையிலும் காலிலும் எது இருக்க வேண்டும் என்பதை என் தோலின் நிறத்தைப் பார்த்து நீ தீர்மானிக்காதே என்பதே இருவர் பேச்சும்.

ஆனால் பொன்னுத்தம்பிப் பிள்ளையின் கதையில் இதன்பின் வருவது அவ்வளவு எளிதன்று. சப்பாத்து வழக்கில் வென்றபின் அவர் அடுத்த கேள்விக்குப் போனார். பிரெஞ்சுக்காரனுக்கு உள்ள எல்லா உரிமையும் தமிழனுக்கு வேண்டுமானால், அவன் பிரெஞ்சுச் சட்டம் முழுவதையும் ஏற்றுக்கொள்ள வேண்டாமா? 1881-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இதன்படி இந்தியர் எவரும், எந்தச் சாதி, எந்தச் சமயத்தவராயினும், தம் சாதி வழக்கச் சட்டத்தைத் துறப்பதாக அதிகாரியின் முன் அறிவித்துப் பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின்கீழ் வரலாம். இப்படித் துறந்தவர்களை ‘ரெனோன்சான்’ என்றார்கள். சமயத்தைத் துறக்க வேண்டியதில்லை. துறப்பது சட்ட வழக்கத்தை மட்டுமே. ஆனால் ஒருமுறை துறந்தால் திரும்பப் பெற முடியாது. மனைவியையும் வயது வராத பிள்ளைகளையும் அது கட்டும்.

துறப்பவர் தமக்கென ஒரு குடும்பப் பெயரையும் தேர்ந்துகொள்ள வேண்டும். பொன்னுத்தம்பிப் பிள்ளை எடுத்துக்கொண்ட பெயர் ‘லப்போர்த்’. பிரெஞ்சு மொழியில் அதற்குக் கதவு என்று பொருள். ‘பிள்ளை’ என்ற சாதிப் பட்டம் போய்க் கதவு வந்தது.

அந்தக் கதவு வழியாக நுழைந்தவர்கள் யார் என்பதுதான் எங்களை மிகவும் கவர்ந்த செய்தி. அவரைப் போன்ற உயர்குலத்தார் பெருங்கூட்டமாக வரவில்லை. அவர்களில் பலர் இதை எதிர்த்தார்கள். சண்முக வேலாயுத முதலியார் என்பவர் எதிர்ப்புக்குத் தலைமை தாங்கினார். நம் வழக்கமும் சமயமும் அழிந்துபோகும் என்பது அவர் கட்சி. பல ஆண்டுகள் புதுச்சேரி அரசியலே அவர் கையில் இருந்தது. துறக்க முன்வந்தவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினருமே. இழக்க அவர்களிடம் என்ன இருந்தது? உயர்ந்த சாதிக்காரர் சாதிச் சட்டத்தை விட்டால் ஒரு மேடையை விட்டு இறங்குகிறார். தாழ்ந்தவன் என்று சொல்லப்பட்டவர் அதை விட்டால் கழுத்திலிருந்து ஒரு சுமை இறங்குகிறது. தம் காலுக்காக வழக்காடிய வேளாளர் ஒருவர், தம் தெருவில் செருப்பே அணிய முடியாதவர்களுக்கும் வழி செய்தார். இதை அவர் முதலிலேயே நினைத்திருந்தாரா என்பதைவிட, நடந்தது அது என்பதே முக்கியம்.

பெண் பிள்ளைகளான நாம் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் உண்டு. அன்றைய இந்து வழக்கச் சட்டப்படி, மகன் இருக்கையில் மகளுக்குத் தந்தை சொத்தில் பங்கு இல்லை. புதுச்சேரியில் துறக்காத கிறிஸ்தவக் குடும்பங்களும் வாரிசு விஷயத்தில் இந்து வழக்கத்தையே பின்பற்றின. பிரெஞ்சுச் சிவில் சட்டமோ மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு கொடுத்தது. ஆகவே தகப்பனார் ஒருவர் துறப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்ட அன்று, வீட்டில் பாவாடை கட்டி ஓடிக்கொண்டிருந்த பெண் குழந்தைக்குத் தெரியாமலே அவள் வாரிசாகிவிட்டாள். அதற்காக அந்தச் சட்டம் பெண்களுக்குப் பொற்காலம் தந்தது என்று சொல்ல மாட்டோம். மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று அதே சட்டப் புத்தகத்தில் எழுதியிருந்தது. துறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ததும் கணவரே; மனைவியைத் தனியே கேட்கவில்லை. மகளுக்குக் கொடுத்த கையே தாயை மறந்துவிட்டது.

இத்தனையும் கொடுத்துப் பெற்ற சமத்துவம் முழுமையாக இருந்ததா? இல்லை. 1884-இல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர் ஒரு பட்டியல், துறந்தவர் ஒரு பட்டியல், துறக்காதவர் ஒரு பட்டியல். சட்டத்தால் பிரெஞ்சுக்காரராகியும் துறந்தவர்கள் ஐரோப்பியரோடு ஒரே பட்டியலில் எழுதப்படவில்லை. அவர்களில் பலர் கப்பலேறிச் சைகோனுக்குப் போய் அங்கே பிரெஞ்சு ஆட்சியில் வரி அலுவலகம், காவல், சுங்கம் முதலிய இடங்களில் வேலை பார்த்தார்கள். அங்கும் ஐரோப்பியருக்குச் சமமான சம்பளமும் உரிமையும் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. ‘எங்கள் தாத்தா சைகோனில் இருந்தவர்’ என்று பெருமையோடு சொல்லும் குடும்பங்கள் புதுச்சேரியில் இன்றும் பல உண்டு.

உரிமை பெறுவதற்குத் தன் வழக்கத்தையும் பெயரையும் விட வேண்டுமா என்ற கேள்விக்கு எங்கள் வகுப்பில் இரண்டு கட்சி உண்டு. விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் அது உரிமை அல்ல, பண்டமாற்று என்பது ஒரு கட்சி. சாதி வழக்கம் என்ற பெயரில் விட்டது எது என்று பார். அதில் பாதி விடவேண்டியதுதான் என்பது மற்றொரு கட்சி. எங்கள் மனம் இரண்டாவது கட்சிப் பக்கமே சாய்கிறது. சண்முக முதலியார் காக்க நினைத்தவற்றில் நம் தமிழ் மரபு இருந்தது, உண்மை. அந்தக் கோயில் சுவரும் அதில்தானே இருந்தது?

1954 நவம்பர் 1-ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சி புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் அது சட்டப்படி நிறைவேறியது. இந்தியாவின் சட்டங்கள் ஒவ்வொன்றாக இங்கு வந்தன. சாதியின் பெயரால் எவரையும் தள்ளி வைப்பதைக் குற்றமாக்கிய அரசியல் சட்டமும் வந்தது. அதை வகுத்த அம்பேத்கர், பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு உட்காரவும் பானைத் தண்ணீரைத் தொடவும் மறுக்கப்பட்டவர், பிறகு பாரிஸ்டரானவர். புதுச்சேரி அரசு சட்டக் கல்லூரி இன்று அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

ரெனோன்சான்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். இந்து திருமணச் சட்டத்தையோ இந்து வாரிசுரிமைச் சட்டத்தையோ எடுத்து இரண்டாம் பிரிவைப் பாருங்கள். புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ரெனோன்சான்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று தனியாக ஓர் உட்பிரிவு இருக்கிறது. அவர்களுடைய சந்ததியார்க்கு அந்தப் பழைய பிரெஞ்சுச் சிவில் சட்டமே இன்னும் செல்லுகிறது.